மாற்றார் ஏடும் நம் ஏடும்

தோழர்களே! மாற்றார் ஏடு என்றால் படிக்காமலே பொய் என்கிறோம். நம் ஏடு என்றால் ஆராயாமலே மெய் என்கிறோம். இது பகுத்தறிவாகுமா? பிரெஞ்சு நாட்டின் டிரைபஸ் வழக்கு தரும் விடையைக் காண்போம்.

1894 நவம்பர் 1. யூதர்மீது பகை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டது டிருமோன் நடத்திய 'லிப்ர் பரோல்' ஏடு. யூத இராணுவ அதிகாரி டிரைபஸ் தேசத்துரோகக் குற்றத்துக்காகக் கைதானார் என்று அன்று அது அலறிற்று. விசாரணை நடக்குமுன்னே ஏடு தீர்ப்பு வழங்கிவிட்டது! ஜெர்மானியருக்கு இராணுவ இரகசியங்கள் தருவதாகக் கூறும் கையொப்பமற்ற கடிதம் ஒன்றைக் காட்டி, டிசம்பரில் இராணுவ நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் முழுதும் வாட, பேய்த் தீவுக்கு அனுப்பினர்.

1896 செப்டம்பரில் 'எக்ளேர்' ஏடு, அவர் குற்றவாளியே என்று நிலைநாட்டக் கட்டுரை தீட்டிற்று. நீதிபதிகளிடம் இரகசியக் கடிதம் ஒன்று காட்டப்பட்டதாம். அதில் டிரைபஸ் பெயரே இருந்ததாம். பெயர் இருந்தது என்பது பொய்; இருந்தது 'டி' என்னும் ஒற்றை எழுத்தே. ஆனால், இரகசியக் கடிதம் காட்டப்பட்டது என்பதோ மெய்! குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவர் வழக்கறிஞரும் காணாத சான்றைக் கொண்டு தீர்ப்பளிப்பது சட்டத்துக்கே மாறானதன்றோ? அவர் துணைவியார் லூசி, பகைவர் ஏட்டின் அந்தச் செய்தியையே ஆதாரமாக்கி நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார். வெறுத்து ஒதுக்கியிருந்தால் அந்த ஆயுதம் கிடைத்திருக்குமா?

அதே ஆண்டு நவம்பரில் 'மத்தேன்' ஏடு, கையொப்பமற்ற கடிதத்தின் படத்தை அச்சிட்டது. அக்கையெழுத்தின் அச்சுப்படி 1897இல் ஒரு பங்குத் தரகர் கண்ணில் பட்டது. தம் வாடிக்கையாளர் எஸ்டர்ஹேசி எழுதியது என்று அவர் கண்டுகொண்டார்.

இனி நீதிக்காக நின்ற பக்கம். 1898 ஜனவரி 13 அன்று 'அரோர்' ஏட்டில், குடியரசுத் தலைவருக்கு எமிலி ஜோலா தீட்டிய 'குற்றஞ்சாட்டுகிறேன்' மடல் வெளிவந்தது. ஏறத்தாழ 3 லட்சம் படிகள்! அதற்காக ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று, இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது அவருக்கு. ஆயினும் அம்மடலிலும் பிழை உண்டு. சூழ்ச்சியின் மூலவர் டு பாட்டி என்றார் ஜோலா. போலிக் கடிதம் புனைந்த ஹென்றியின் பெயரோ, அவர் குற்றஞ்சாட்டியோர் பட்டியலில் இல்லை. ஆகஸ்டில் ஹென்றி உண்மையை ஒப்புக்கொண்டு, மறுநாள் சிறையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அதன் பின்னரும் 'லிப்ர் பரோல்' திருந்தவில்லை. அவன் மனைவி பெயரால் நிதி திரட்டிற்று. 1 லட்சத்து 30 ஆயிரம் பிராங்குக்கு மேல் குவிந்தது!

இருபக்கமும் ஒன்றே என்று கூறவில்லை, தோழர்களே. ஒருவர் ஆளைப் பற்றித் தவறினார். மற்றவர் அறிந்தே வெறுப்பை விற்றனர். இரண்டையும் சமமாக்குவது நடுநிலையன்று. ஆராயும் உழைப்புக்கு அஞ்சும் சோம்பல். ஆனால், எப்பக்கத்து ஏடாயினும் கேள்வி ஒன்றே: இதைக் கண்டவர் யார்? ஆவணம் எங்கே? செய்தி எது, எழுதியவரின் விருப்பம் எது?

1906 ஜூலை 12 அன்று டிரைபஸ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! ஏடு சொன்னதை அப்படியே ஏற்ற ஒரு நாடு, குற்றமற்ற மனிதனிடம் வாங்கிய விலை அது. நாளைக் காலை ஏட்டைப் பிரிக்கும்போது அந்த விலையை நினையுங்கள். நம் ஏட்டைப் பிரிக்கும்போதும் நினையுங்கள்.