வாய்க்காலுக்கு முந்திய அடுப்பு

கொங்குச் சமையல் என்றதும் அரிசிம்பருப்பு சாதத்தைத்தான் முதலில் சொல்கிறோம். சத்தியமங்கலத்துப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீட்டு நினைவுகளிலும் பெரும்பாலும் அரிசிச் சோறே மணக்கிறது. அதை வைத்து அரிசிதான் இம்மண்ணின் ஆதி உணவு என்று முடிவுகட்டக் கூடாது. இன்று எழுபதைத் தொட்டவர்கள் பவானிசாகர் அணை முடிந்த 1955-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அந்த அணையின் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த முதல் தலைமுறை. சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்கால் வருமுன் மேட்டுக்காட்டில் கம்பும் சோளமும் ராகியும்தான். கம்பை நீர் தெளித்து இடித்து, உமி புடைத்து, மறுபடி இடித்துக் காய்ச்ச வேண்டும். மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும். இடித்த கைகள் பெண்களுடையவை. பழையதைப் புகழ்கிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

கொடிவேரி அணை பல நூற்றாண்டுப் பழையதாயிற்றே, அப்போதே நெல் விளையவில்லையா என்று கேட்கலாம். விளைந்தது. ஆனால் அதன் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் நனைத்தது ஆற்றையொட்டிய நிலத்தைத்தான். மேட்டுக்காட்டு வீடுகளில் நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் உரியது. வழிபாட்டிலும் அந்தத் தடம் உண்டு: அன்றாடம் உண்டது ஆடியில் கூழாக அம்மனுக்கு வந்தது, அரிதான பச்சரிசி வெல்லம் சேர்ந்து மாவிளக்கானது. கம்பை அடுப்பிலிருந்து இறக்கிய பழி முழுவதையும் வாய்க்காலின் தலையில் போடுவதும் சரியல்ல. கீழ்பவானியில் ஒரு போகத் தண்ணீர் இன்றும் புஞ்சைப் பயிருக்குத்தான் போகிறது. மிச்ச வேலையை ரேஷன் அரிசி பார்த்துக்கொண்டது.