சேரம்பாடியின் தேன் காலம்

நீலகிரியின் கோடைச் சரித்திரம் என்றால் அது உதகமண்டலத்தின் சரித்திரமே என்று கருதிப் பழகிவிட்டோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் வருஷத்தில் மலையேறி வந்ததும், பின்னர் ஓடையை மறித்து அவர் ஏரி அமைத்ததும், 1870 முதல் சென்னை மாகாண சர்க்கார் கோடைதோறும் தஸ்தாவேஜுகளை மூட்டை கட்டிக்கொண்டு மலைமேல் வந்து தங்கியதும், துரைமார் குதிரையேறி வேட்டை நாய்களுடன் நரிகளைத் துரத்தியதும், 1896-இல் மலர்க் கண்காட்சி தொடங்கியதும் புத்தகங்களில் விஸ்தாரமாக எழுதப்பட்டிருக்கின்றன. அதே ஜில்லாவின் மேற்குக் கோடியில், சேரம்பாடியைச் சுற்றியுள்ள காடுகளில், அதே சித்திரை வைகாசி மாதங்களில், சல்லிவனின் தாத்தா பிறப்பதற்கு முன்பிருந்தே நடந்துவந்த மலையேற்றமும் மரமேற்றமும் அந்தப் புத்தகங்களில் ஓரிரு பக்கங்களுக்கு மேல் இடம்பெறவில்லை. அந்தக் குறையைச் சிறிதளவாவது தீர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேரம்பாடி ஜில்லாக் கணக்கில் நீலகிரியைச் சேர்ந்ததாயினும், மண்ணும் மழையும் மரமும் கொண்டு பார்த்தால் அது வயநாடே. நம்பாலக்கோட்டை, சேரங்கோடு, முனநாடு என்ற மூன்று அம்சங்களையும் (வருவாய்ப் பிரிவுகளையும்) 1877-ஆம் வருஷத்தில் மலபார் ஜில்லாவிலிருந்து பிரித்து நீலகிரியோடு இணைத்தார்கள். சேரங்கோட்டு அம்சத்தோடு சேரம்பாடியும் வந்தது. உதகையைவிட வெகுவாகத் தாழ்ந்த பூமி. ஆகையால் குளிரும் குறைவு. பங்குனியில் இரண்டொரு கோடை மழை பெய்த சில நாட்களில் காப்பிச் செடிகள் ஒருசேர வெள்ளையாகப் பூத்துவிடும். இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் பெருமழைக்கும் அந்தக் கோடை மழைக்கும் இடைப்பட்ட சில வாரங்களே இந்தப் பிரதேசத்தின் முன்கோடை.

அந்த வாரங்கள் வெளியூராருக்கு ஆபத்தானவை என்று பெயர் பெற்றிருந்தன. மலைக்காய்ச்சல் உக்கிரமாக இருக்கும் பருவம் அது. காப்பித் தோட்டத்துத் துரைமாரில் வசதியுள்ளவர்கள் கூடலூர்க் கணவாய் ஏறி, நடுவட்டம் வழியாக உதகைக்குப் போய்விடுவார்கள். படகுச் சவாரியும் பந்தாட்டமும் வேட்டையும் அவர்களுக்கு அங்கே காத்திருந்தன. அவர்கள் காட்டை விட்டுப் புறப்பட்ட அதே நாட்களில்தான் இந்தப் பகுதிப் பழங்குடியினரான காட்டுநாயக்கர்கள் காட்டுக்குள் புறப்பட்டார்கள்.

தோட்டக் கூலியோ கிழங்கு தோண்டுதலோ எதுவாயினும் அப்படியே நிறுத்திவிட்டு, குழந்தை குட்டிகளோடு நீரோடைப் பக்கம் போய்த் தழைக் குடிசை போட்டுத் தங்குவது அவர்கள் வழக்கம். ஓடைகளில் நீர் வற்றி மடுக்களாகத் தேங்கியிருக்கும்; காட்டுக்காய்களையும் மரப்பட்டைகளையும் நசுக்கிக் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும். பலா பழுக்கும், காட்டு மா உதிரும். பகலெல்லாம் சிறுவர்கள் தண்ணீரில் கிடப்பார்கள். ஜீவனத்துக்குரிய உழைப்பு எங்கே முடிகிறது, விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாத வாழ்க்கை அது. விடுமுறை, பொழுதுபோக்கு என்றெல்லாம் தனித்தனியே பெயர் வைக்கும் அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. 1978-79-இல் இந்தப் பக்கத்துக் காடுகளில் அவர்களோடு வாழ்ந்து ஆராய்ந்த மானுடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட், அவர்கள் காட்டைத் ‘தொட்டப்பா’ என்றும் ‘தொட்டவ்வா’ என்றும், அதாவது பெரிய தகப்பன், பெரிய தாய் என்று அழைப்பதையும், தங்களை அதன் பிள்ளைகளாகக் கருதுவதையும் எழுதியிருக்கிறார். முன்கோடையில் அவர்கள் காட்டுக்குள் போனது, பிள்ளைகள் தாய்வீடு போனது போலத்தான்.

அந்தப் பயணத்தின் சிகரம் தேனெடுப்பு. மலைத்தேனீ என்னும் பெரிய ஜாதி ஈ, அடை ஒன்றை மட்டும் கட்டி அதை வெட்டவெளியில் தொங்கவிடும். பாறை முகட்டிலும், வானளாவி நிற்கும் சீனி மரக் கிளைகளிலும் அத்தகைய அடைகள் சில இடங்களில் பத்துக் கணக்காகத் தொங்கும். பெருமழை வந்தால் ஈக்கள் அடையைக் காலி செய்துவிட்டு இடம் பெயர்ந்துவிடும்; ஆகையால் அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். மரத்தை முதலில் கண்டவன் அதில் அடையாளம் செய்துவிட்டால் மற்றவர்கள் தொடமாட்டார்கள். எடுக்கும் நாள் நெருங்கும்போது ஏறுகிறவன் மனைவியை விலகியிருந்து, குளித்துச் சுத்தமாக விரதம் காப்பான். நிலவில்லாத இரவே உகந்தது; இருளில் ஈக்கள் திசை தெரியாமல் தடுமாறும்.

கிளையில்லாத அடிமரம் சுற்றளவில் அவ்வளவு பெரிது. கட்டிப் பிடித்து ஏற முடியாது. ஆகவே கூர்மையாகச் சீவிய மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, அவற்றில் கால் வைத்து, நின்ற முளையில் நின்றபடியே அடுத்த முளையை அடித்து ஏறிப் போவார்கள். உலர்ந்த சுள்ளியை நடுவில் வைத்துப் பச்சைத் தழையால் இறுகச் சுற்றிய பந்தம் தோளில் தொங்கும். அதை ஊதிப் புகை எழுப்பி அடையின் கீழே காட்டினால் ஈக்கள் அலைஅலையாக விலகும். அடையின் மேற்பகுதியில், கிளையை ஒட்டியிருக்கும் தடித்த பாகத்திலேதான் தேன் இருக்கும். கீழே புழுவும் முட்டையும். கையில் பந்தம், முகத்தைச் சுற்றி ஈ, காலடியில் ஒரே ஒரு முளை. இந்த நிலையில் தேன் பாகத்தை மூங்கில் சிம்பால் அறுத்துக் கயிற்றில் கட்டிய கலத்தில் இறக்க வேண்டும். கீழே நிற்பவர்களும் சும்மா நிற்பதில்லை. ஈக்களிடம் கெஞ்சியும் கொஞ்சியும் பாட்டுப் பாடுவார்கள். முதல் தேன் தெய்வத்துக்கு. எல்லா அடைகளையும் எடுத்துவிடாமல் சிலவற்றை விட்டு வருவதும் முறை.

பாறைத் தேனுக்கு ஏணி வேறு. காட்டுக் கொடிகளைப் பின்னி மலை முகட்டிலிருந்து தொங்கவிட்டு இறங்குவார்கள். நீலகிரிக் குறும்பர்களிடையே அந்தக் கொடியைக் காக்கும் பொறுப்பு மனைவியின் சகோதரனுடையது. தங்கை விதவையாவதை எவன் விரும்புவான்? ஆனைமலைக் காடர்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தமது நூலில் எழுதும்போது, மனைவியோ மகனோ மேலே நின்று கொடியேணியைக் காவல் காப்பார்கள் என்றும், அடிவாரம் அருகிலேயே இருந்தாலும் இறங்கிய வழியிலேயே ஏறித் திரும்புவதுதான் நியதி என்றும் குறித்திருக்கிறார். சங்கப் புலவர்களுக்கும் இந்த ஏற்றம் புதிதன்று. பழைய மூங்கில் ஏணியின் தன்மை அறியாமல் தேனுக்காக மலையேறிய பேதை ஒருவன் குறுந்தொகையில் உவமையாகிறான். உயரத்தை வென்ற பெருமை பேசும் மலையேறிகள் பலரைப் பற்றிப் படித்திருக்கிறேன். கொடியைக் காத்து நிற்பவனின் உறவுமுறையைக்கூட யோசித்து வைத்த இந்த மரபுக்கு ஈடாக எதையும் நான் காணவில்லை.

இந்தத் தேன் காலத்துக்கு இடையூறு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 1879-லிருந்து 1881 வரை தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பொன் இருக்கிறதென்ற பரபரப்பில் லண்டனில் சுமார் நாற்பது கம்பெனிகள் கிளம்பி, சில வருஷங்களுக்குள்ளாகவே படுத்துவிட்டன. அந்த ஆர்ப்பாட்டத்தால் காட்டுக்கு நேர்ந்த சேதத்தைவிட, 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தால் வந்த மாறுதல் ஆழமானது. அச்சட்டத்துக்குப் பின் தேன் ‘சிறு வன மகசூல்’ ஆயிற்று. குத்தகைக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய சரக்காயிற்று. விரதமும் பாட்டும் நின்றுவிடவில்லை. ஆனால் எவ்வளவு எடுப்பது என்பதை மரம் ஏறுகிறவனுக்குப் பதிலாக வேறு ஒருவன் நிர்ணயிக்கலானான்.

பிறகு தேயிலை. 1964-ஆம் வருஷத்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை தருவதற்காக வனத்துறை 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் டேன்டீ என்னும் அரசுக் கழகமாயிற்று; சேரம்பாடியும் சேரங்கோடும் அதன் கோட்டங்களாயின. கண்டிச் சீமையின் லயங்களில் பிறந்து, பார்த்திராத ஊருக்குத் ‘தாயகம் திரும்பி’ வந்த அந்த ஜனங்கள்மேல் பழி சொல்ல யாருக்கும் நியாயமில்லை. ஒரு வீட்டை இழந்தவர்களுக்கு மற்றொருவருடைய வீட்டிலிருந்து பங்கு அளிக்கப்பட்டது, கொடுத்தவனோ இருவரையும் கேட்கவில்லை. கொழுந்து பறித்து முடிந்த மாலைகளில் பந்தாட்டமும் மாரியம்மன் திருவிழாவுமாக அவர்களுக்கும் ஒரு கோடை உண்டாயிற்று. பூத்துக் குலுங்கிய காடு மட்டும், பூக்கவே விடாமல் கத்தரிக்கப்படும் செடியாக மாறியது.

தேனெடுப்பு அடியோடு மறைந்துவிடவில்லை. முன்கோடையில் இன்னமும் சில குடும்பங்கள் போகின்றன. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் உடைமை அதைச் சேகரிக்கும் பழங்குடியினருடையதே என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் இந்த வட்டாரத்தில் பெரும் பரப்பு 1969-ஆம் வருஷத்துக் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிக்கொண்டு, தோட்டக் கம்பெனிகளுக்கும் சர்க்காருக்கும் இடையே பல வருஷங்களாக வழக்கில் கிடக்கிறது; அந்த நிலங்களில் நிற்கும் சீனி மரங்களில் அடையாளம் செய்தவன் யார் என்று எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் எழுதியிருக்கவில்லை.