ஆசிரியர் எப்போது படிக்கிறார்? தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பயிற்சி: பெற்றோர் அறிய வேண்டியவை

பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும் பெற்றோர் பள்ளிக் கட்டடத்தைப் பார்க்கிறார்கள்; கணினி அறை உண்டா, பள்ளிப் பேருந்து வருமா என்று விசாரிக்கிறார்கள். வகுப்பில் நிற்கப் போகும் ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார், கடைசியாக எதைப் புதிதாகக் கற்றார் என்று கேட்பவர் அரிது. கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய தமிழ்ப்பள்ளியானாலும், செம்பனைத் தோட்டத்துக்குள் சில பத்துப் பிள்ளைகளோடு நடக்கும் பள்ளியானாலும், பாடம் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது அந்த ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

கங்காணியும் கிராணியும் வாத்தியார் ஆன காலம்

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது; பயிற்சி பெற்ற ஆசிரியர் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பல தோட்டங்களில் வாத்தியார் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு, 1922 நவம்பரில், மலாய் ஆசிரியர்களுக்காகத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டிருந்தது. தோட்டத்து வாத்தியாருக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

1956 ரசாக் அறிக்கையும் 1957 கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. அப்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல். அதே தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாகி, இன்று தமிழ்மொழி ஆசிரியர்களையும் உருவாக்குகிறது.

ஆசிரியராகும் வழி

தொடக்கப்பள்ளி ஆசிரியராவதற்கு முதன்மை வழி ஐபிஜி எனப்படும் ஆசிரியர் கல்விக் கழகம். 2005-இல் அமைச்சரவை எடுத்த முடிவைத் தொடர்ந்து நாட்டின் 27 ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் அதன் வளாகங்களாகத் தரம் உயர்ந்தன. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகில் லெம்பா பந்தாயிலும், செராஸிலும் வளாகங்கள் உண்டு. ஆனால் தமிழைத் தேர்ந்தெடுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவர் ஈப்போ போன்ற வளாகங்களுக்குப் போய்த் தங்கிப் படிப்பதே வழக்கம். ஓராண்டு அடிப்படைப் படிப்பு, பிறகு நான்காண்டு இளங்கலைப் பட்டம். இடையே பிராக்டிகம் எனப்படும் பள்ளிப் பயிற்சி.

அண்மைய ஆண்டுகளில் எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது ஐந்து ஏ பெற்றவரே விண்ணப்பிக்க முடிகிறது. தமிழ்ப் பிரிவுக்கு எஸ்.பி.எம். தமிழும் வேண்டும். படிவம் 4-இல் “தமிழ் எதற்கு, சுமை” என்று விட்டுவிடும் பிள்ளை, தமிழாசிரியராகும் கதவையும் அன்றே சாத்திவிடுகிறது. இதை எத்தனை வீடுகள் அறிந்து முடிவெடுக்கின்றன என்பதுதான் கேள்வி.

பணிக்கு வந்த பிறகு

அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்பது பொதுச் சேவைத் துறையின் 2005-ஆம் ஆண்டுக் கொள்கை. ஆசிரியருக்கும் இது பொருந்தும். நாள் கணக்கு நிறைந்துவிடலாம். வகுப்பில் ஏதாவது மாறியதா என்பது வேறு கணக்கு. 2011-இல் 41 பள்ளிகளில் 125 பாடவேளைகளை உற்றுநோக்கிய ஓர் ஆய்வு, அவற்றில் பாதியே பயனுள்ள முறையில் நடத்தப்பட்டதாகக் கண்டது. 2013–2025 மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டமே இதை எடுத்துக்காட்டியது. அது எல்லா வகைப் பள்ளிகளையும் பற்றிய கணக்கு. தமிழ்ப்பள்ளியை மட்டும் குறிப்பதன்று.

தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு கூடுதல் சிக்கல்கள் உண்டு.

முதலாவது, பயிற்சி வந்துசேரும் விதம். அமைச்சு முதன்மைப் பயிற்றுநர்களைத் தயார்ப்படுத்தும். அவர்கள் மாநில அளவில் சொல்ல, அங்கிருந்து மாவட்டக் கல்வி இலாகா, அங்கிருந்து பள்ளி. படி இறங்க இறங்க நேரம் சுருங்கும், விளக்கமும் சுருங்கும்.

இரண்டாவது, மொழி. பெரும்பாலான பயிற்சிகள் மலாயில் நடக்கின்றன, கையேடும் மலாயில்தான். தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியர் அதைத் தானே தமிழாக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார். மலாயில் ‘பென்தக்சிரான்’ வேறு, ‘பெனிலாயான்’ வேறு. முன்னது பிள்ளை கற்கும்போதே எங்கே நிற்கிறது என்று சான்று திரட்டுவது. பின்னது அதைக் கொண்டு தரத்தை முடிவு செய்வது. தமிழில் இரண்டையும் பெரும்பாலும் ‘மதிப்பீடு’ என்றே சொல்லிவிடுகிறோம். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டு வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்தபோது, இந்த ஒரு சொல் குழப்பமே போதுமானதாக இருந்தது. “என் பிள்ளைக்கு அடைவுநிலை 4 என்றால் எத்தனை புள்ளி?” என்று கேட்கும் பெற்றோருக்கு, அது புள்ளியே அல்ல, 1 முதல் 6 வரையிலான கற்றல் படி என்று விளக்க ஆசிரியருக்கு முதலில் தெளிவு வேண்டும்.

ஆயத்தமில்லாத மாற்றம் என்ன செய்யும்?

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அந்த முடிவு கைவிடப்பட்டு, 2011 முதலாம் ஆண்டு மாணவர் தொடங்கிப் படிப்படியாகத் தாய்மொழிக்கே திரும்பின. ஆங்கிலக் காலத்தில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். எங்கள் கணித ஆசிரியை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக்கொண்ட பிறகே வெண்பலகையில் எழுதுவார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் இன்னொரு முறை சொல்வார். கணிதத்தில் அவர் கெட்டிக்காரர். அவருக்குக் கிடைத்த ஆயத்தக் காலம்தான் போதவில்லை.

சிறிய பள்ளிகளில் இன்னொரு தேவை உண்டு. 150-க்குக் குறைந்த மாணவர் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள். மிகச் சிறியவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்துகிறார்கள். ஒரு பக்கம் மூன்றாம் ஆண்டு, மறுபக்கம் நான்காம் ஆண்டு. இப்படிக் கற்பிப்பது தனித் திறன். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கான பயிற்சி அதற்கு உதவாது.

எது பயன் தரும்?

2011-இல் அமைச்சு அறிமுகப்படுத்திய நிபுணத்துவக் கற்றல் குழுமம் நல்ல வழி. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த மற்றவர் பார்க்கிறார்கள். குறையைப் பேசித் திருத்தி மறுபடி நடத்துகிறார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் இது நெடுநாள் பழக்கம். இதற்குப் பெரிய செலவு இல்லை. எல்லாம் தமிழிலேயே நடக்கும். இரண்டு மூன்று ஆசிரியர் மட்டும் உள்ள சிறு பள்ளி, அக்கம்பக்கத் தமிழ்ப்பள்ளிகளோடு சேர்ந்தால்தான் இது முடியும். கிள்ளான் வட்டாரத்தில் பள்ளிகள் அருகருகே இருப்பது இதற்கு வசதி.

சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி உரிமையாகத் தரப்படுகிறது. தமிழாசிரியர் பயிற்சிக்கு அங்கே உமறுப் புலவர் தமிழ்மொழி மையம் இருக்கிறது. நம்மிடம் தமிழ்ப்பள்ளிகள் 500-க்கு மேல் இருந்தும், பயிற்சிக் கையேடு தமிழில் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. 2027-இல் புதிய கலைத்திட்டம் தொடங்கும் என்று அமைச்சு அறிவித்துள்ளது. அதற்கான கையேடுகளும் கலைச்சொற்களும் ஆசிரியர் வகுப்புக்குள் போகும் முன்பே தமிழில் தயாராக வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாளில் “இன்றைக்கும் டீச்சர் வரவில்லையா?” என்று குறைபடுவதைவிட, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இந்த ஆண்டு ஆசிரியர்கள் எதில் பயிற்சி பெற்றார்கள்? அதை மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளப் பள்ளி நேரம் ஒதுக்குகிறதா? அதற்குச் சங்கம் என்ன உதவி செய்யலாம்? குற்றம் பிடிக்கும் தொனி வேண்டாம்; அக்கறை தெரிந்தால் போதும்.

வீட்டில் படிவம் 4-க்குப் போகும் பிள்ளை இருந்தால், பாடத் தேர்வுக்கு முன் எஸ்.பி.எம். தமிழைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். பத்து ஆண்டு கழித்து நம் தமிழ்ப்பள்ளி வகுப்பில் நிற்கப் போகும் ஆசிரியர் அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.