கைவினை இலக்குத் துப்பாக்கி

இலக்குப் பார்த்துச் சுடும் போட்டிக்கென்றே, ஒரு கைவினைஞர் தம் பட்டறையில் அரமும் உளியும் கொண்டு உருவாக்கும் துப்பாக்கி இது. போர்த் துப்பாக்கிக்கு வேகம் வேண்டும், வேட்டைத் துப்பாக்கிக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். இதற்கு வேண்டியது ஒன்றுதான்: முதல் குண்டு விழுந்த துளையிலேயே அடுத்ததும் விழ வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செழித்த இந்தக் கைத்தொழில் வடசென்னைக்குத் துப்பாக்கியாக வந்து சேரவில்லை. மரையாகவும் மோட்டார் சைக்கிளாகவும் வந்தது.

குழல், சுடுபொறி, மரக்கட்டை என இதில் மூன்று வேலைகள் உண்டு. பெரிய ஊர்களில் மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். மூன்றையும் ஒருவரே செய்வது அபூர்வம். அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகப் பட்டறையில் வாலஸ் கஸ்லர் அப்படியொரு துப்பாக்கியை முழுக்கக் கையாலேயே செய்து காட்டினார். 1969இல் அது ஆவணப்படமாக வந்தது.

குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் காடிகள்தான் இதன் உயிர். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றபடி வெளியேறுவதால் காற்றில் தடுமாறுவதில்லை. அந்தக் காலத்தில் இதை வெட்ட மர வழிகாட்டி ஒன்றே துணை. உருளைக்கட்டை ஒன்றில் சுருள் வரி செதுக்கியிருக்கும். அதை இழுத்தால் தண்டு சுழலும், தண்டின் நுனியிலுள்ள சிறு வெட்டுப்பல்லும் கூடவே சுழலும். ஓர் இழுப்புக்கு வருவது பொடிப்பொடியான இரும்புத்தூள்தான். பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி மறுபடி இழுப்பார்கள். நாள்கணக்கில் இதே வேலை.

இந்தக் கைப்பழக்கத்தை அளவுக் கணக்காக மாற்றியவர் மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். மணலி புதுநகரிலோ எண்ணூரிலோ எந்த லேத் பட்டறையிலும் பி.எஸ்.டபிள்யூ. மரை என்றால் புரியும். அதில் வரும் ‘டபிள்யூ’ இவர்தான். 55 பாகைக் கோணம் கொண்ட அந்த மரையை 1841இல் முன்வைத்தார். 1851 லண்டன் பொருட்காட்சியில் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவுக் கருவியைக் காட்டினார். 1854இல் பிரிட்டிஷ் அரசு என்ஃபீல்டு துப்பாக்கி தயாரிப்புக்கு எந்திரங்கள் கேட்டு இவரை நாடியது. குழல் எப்படி இருந்தால் குண்டு நேராகப் போகும் என்பதை முதலில் கண்டறிவோம், எந்திரம் பிறகு என்றார் அவர். அரசு செலவில் தம் வீட்டு வளாகத்திலேயே 500 கஜ நீளத்துக்கு மூடிய சுடுகளம் கட்டினார். வீட்டுப் பட்டறைக்காரர்களில் இவ்வளவு வசதி வாய்த்தவர் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்.

முடிவில் பிறந்தது அறுகோணக் குழல் கொண்ட துப்பாக்கி. 1857 சோதனைகளில் அது என்ஃபீல்டைத் தெளிவாகவே வென்றது. ஆனால் விலை அதிகம், குழலும் சீக்கிரம் கரியடைந்தது. ராணுவம் அதை ஏற்கவில்லை. போட்டிக்காரர்களுக்கு அந்தக் குறைகள் பெரிதாகத் தெரியவில்லை. 1860இல் விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்தபோது, தாங்கியில் பொருத்தப்பட்டிருந்த விட்வொர்த் துப்பாக்கி 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவட்டத்திலேயே சுட்டது.

அமெரிக்காவில் குழலின் வாய் தேயாமல் குண்டைச் செலுத்த உதவும் கழற்றக்கூடிய போலிமுனைக்கு 1840இல் காப்புரிமை பெற்றவர் ஆல்வன் கிளார்க். பின்னாளில் தொலைநோக்கி வில்லை தேய்ப்பதில் உலகப் புகழ் பெற்றார். அவர் மகன் சிரியஸின் துணை விண்மீனை 1862இல் கண்டது அவர்கள் பட்டறை வில்லை வழியாகத்தான்.

விட்வொர்த்திடம் தோற்ற அதே என்ஃபீல்டு பெயர் திருவொற்றியூருக்கு வந்த கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் ஒரு பழைய ஊசித் தொழிற்சாலையை 1891இல் எடுத்து நடத்திய ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும், என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலைக்கு நுண்பாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் பெற்றார்கள். அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயரிட்டார்கள். துப்பாக்கி போலச் செய்தது என்பது விளம்பர வாசகம், சின்னம் பீரங்கி. முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். பிரிட்டிஷ் நிறுவனம் 1970இல் ஓய்ந்த பிறகும் இங்கே ‘புல்லட்’ மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. பெட்ரோல் டேங்கின் ஓரத்தில் ஓடும் பொன்னிறக் கோட்டை ஸ்டென்சில் இல்லாமல், மூச்சடக்கி, தூரிகையால் ஒரே இழுப்பில் போடும் கலைஞர்கள் இந்த ஆலையின் அடையாளமாகவே ஆகிவிட்டார்கள்.

துப்பாக்கியை வீட்டில் செய்யும் பேச்சுக்கே இந்தியாவில் இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தயாரிப்பதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். வைத்துக்கொள்ளப் பெற்ற உரிமம் அதற்குச் செல்லாது. உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்தின்படி, குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். குடகின் கொடவ மக்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. கைல்போதுத் திருநாளில் அவர்கள் உயரத்தில் கட்டிய தேங்காயைக் குறிவைத்துச் சுடுவது இன்றும் நடக்கிறது.

இன்றைய துப்பாக்கி சுடும் போட்டியாளர்களில் பெரும்பாலோர் தொடங்குவது காற்றழுத்த ரைஃபிளில். 10 மீட்டர் போட்டியில் ரவையின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். குழலை ஆலை தந்துவிடுகிறது. தோளணை, கன்னத்தாங்கி, பிடி ஆகியவற்றைத் தம் உடலுக்கு ஏற்றபடி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திப் பொருத்துவது மட்டும் இன்றும் சுடுபவர் வேலை. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான்.