இரண்டு மொழியிலும் ஒரே பேச்சு

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

தேர்தல் கதை வரும்போதெல்லாம் நம்மூர்த் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு சம்பவம் திரும்பத் திரும்ப வரும். "தலைவர் சோம தேரரோட டீவியில விவாதிச்சாரே, அது தெரியுமா?" என்று மூத்தவர்கள் தொடங்குவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் இளசுகள் தொலைபேசியைத் தடவிக்கொண்டே தலையாட்டுவார்கள். அந்தச் சம்பவத்தை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். அதில் நமக்கு வேறொரு பாடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

1999ஆம் ஆண்டு. எங்களில் பலர் அப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் முஸ்லிம் காங்கிரஸின் தலைவர். சந்திரிகா அரசாங்கத்தில் துறைமுக, புனர்வாழ்வு அமைச்சர். மறுபக்கத்தில் கங்கொடவில சோம தேரர். தொலைக்காட்சியில் பணை சொல்லி, சிங்கள வீடுகளில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த பிக்கு. நம் மாவட்டத்தின் தீகவாபி விகாரைச் சூழலில் காணிகள் பறிபோகின்றன, முஸ்லிம்கள் குடியேற்றப்படுகிறார்கள், அதற்கு அமைச்சர் அஷ்ரப் பொறுப்பு என்பது தேரரின் குற்றச்சாட்டு. அஷ்ரப் அதை மறுத்தார். மறுப்பறிக்கை ஒன்றை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அல்லது கல்முனைக் கடற்கரையில் ஒரு கூட்டம் போட்டு, தக்பீர் முழங்க, நமக்கு முன்னால் முழங்கியிருக்கலாம். அவர் இரண்டோடும் நிற்கவில்லை. டீ.என்.எல். தொலைக்காட்சியில், குற்றம் சாட்டியவரின் முன்னால் உட்கார்ந்து, அவருடைய மொழியான சிங்களத்திலேயே பேசினார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்தது நேரடியாக அல்ல. கொழும்பிலிருந்து வந்த ஒரு வீடியோ கசற்றில்தான். ஒரு வீட்டு முன்விறாந்தையில் பாய் விரித்துப் பெரியவர்கள், சிறியவர்கள் எல்லோரும் இருந்தோம். பெரும்பாலானவர்களுக்குச் சிங்களம் தெரியாது. குருநாகல் பக்கம் கடை வைத்திருந்த ஒரு காக்கா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் கேட்டோம். நடுவில் அவர் நிறுத்திவிட்டார். "ஏன் காக்கா நிப்பாட்டின?" என்று யாரோ கேட்டார்கள். "இதையெல்லாம் அண்டைக்கு நம்மட கூட்டத்திலேயே சொன்னவர்தானே. அதே கதையைத்தான் அங்கயும் சொல்றார்" என்றார்.

அந்தச் சொல் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. இன்று நினைத்தால், அந்த விவாதத்தைப் பற்றி நாங்கள் கேட்ட விமர்சனங்களிலேயே நல்லது அதுதான். தமிழில் நமக்குச் சொன்னதை, சிங்களத்தில் அவர்களுக்கும் சொன்னார். அங்கே ஒரு கதை, இங்கே ஒரு கதை இல்லை.

வென்றது யார் என்று கேட்டால் நம்மூரில் ஒரு பதில் வரும், தெற்கில் இன்னொரு பதில் வரும். அந்த விவாதத்தால் காணிப் பிரச்சினை தீர்ந்துவிடவும் இல்லை. 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து தலைவர் மௌத்தானார். 2003 டிசம்பரில் சோம தேரர் ரஷ்யாவில் காலமானார். அடுத்த ஆண்டே ஜாதிக ஹெல உறுமய தோன்றி, பிக்குமாரை நிறுத்தி, ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பற்று மக்களுக்காகச் சவூதி உதவியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள், தீகவாபியைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காடுபிடித்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே விவாதம் என்பது மந்திரக்கோல் அல்ல. பிறகு அதனால் என்ன பலன்?

இதற்குப் பதில் தேட, தேர்தல் காலத்தில் கட்சித் தலைவர்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்பது நெடுநாள் வழக்கமாக உள்ள ஒரு நாட்டைப் பார்ப்போம். கனடா. நம் வீடுகளிலிருந்தும் அயல் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் போய் வாழ்கிற நாடு. நம்மைப் போலவே இரண்டு அரச கரும மொழிகள்: ஆங்கிலமும் பிரெஞ்சும். முதல் தொலைக்காட்சி விவாதம் அங்கே 1968 ஜூன் 9இல் நடந்தது. பிறகு பிரெஞ்சுக்கு ஓர் இரவு, ஆங்கிலத்துக்கு ஓர் இரவு என்று தனித்தனியாக நடத்தும் வழக்கம் வந்தது. 1988இல் அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம்தான் தேர்தலின் ஒரே பெரிய கேள்வி. ஒக்டோபர் 24 பிரெஞ்சிலும் 25 ஆங்கிலத்திலும் மல்ரோனி, டேர்னர், புரோட்பென்ட் மூவரும் வாதிட்டார்கள். நாட்டை விற்றுவிட்டீர்கள் என்று டேர்னர் மல்ரோனியை நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். விவாதத்தில் டேர்னரின் கை ஓங்கியது என்றார்கள். ஆனாலும் நவம்பர் 21 தேர்தலில் 295 ஆசனங்களில் 169ஐ மல்ரோனியின் கட்சி பெற்றது. ஒப்பந்தம் 1989 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விவாதத்தில் வென்றவர் தேர்தலில் தோற்றார். ஆனால் வாக்களித்தவர்களுக்கு எதற்கு வாக்களிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2019இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணம் 21ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அரச பாடசாலை ஆசிரியர், பொலிஸார் போன்றோர் கடமை நேரத்தில் மத அடையாளம் அணியக் கூடாது. அதாவது ஹிஜாப் அணிந்த ஆசிரியை ஒருவர் அங்கே புதிதாக அரச பாடசாலையில் கற்பிக்க முடியாது. நம் பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறையை ஒரு முறை நினைத்துப் பாருங்கள், எத்தனை கதிரை வெறுமையாகும் என்று.

அவ்வாண்டு ஒக்டோபர் 7 இரவு, ஆங்கில விவாதத்தில் ஆறு கட்சித் தலைவர்கள் நின்றார்கள். இந்தச் சட்டம் பற்றிய பேச்சு வந்தது. தலைப்பாகை அணிந்த சீக்கியரான ஜக்மீத் சிங், இது பாகுபாடு காட்டும் சட்டம் என்றார். ஆனால் மத்திய அரசு வழக்கில் தலையிடும் என்று உறுதி தரவில்லை. பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, தலையிடும் வாய்ப்பைத் திறந்து வைத்திருப்பவர் தான் ஒருவர்தான் என்றார். தலையிடுவேன் என்று அவரும் சொல்லவில்லை. கன்சர்வேடிவ் தலைவர் அன்ட்ரூ ஷியர், தலையிட மாட்டோம் என்றார். புளொக் கெபெக்குவா தலைவர் பிளான்ஷே, இது கியூபெக்கின் சொந்த விடயம், மற்றவர்கள் ஒதுங்கி நிற்கட்டும் என்றார்.

2021 செப்டம்பர் 9 ஆங்கில விவாதத்தில் இது இன்னும் சூடாகியது. நடத்துநர் ஷாச்சி கர்ல், பாகுபாடான சட்டங்களை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று பிளான்ஷேயிடம் முகத்துக்கு நேரே கேட்டார். கேள்வியே கியூபெக் மக்களை அவமதிக்கிறது என்று அங்கே கொதித்தெழுந்தார்கள். கியூபெக் வாக்குகள் தேவைப்பட்ட ட்ரூடோவும் கன்சர்வேடிவ் தலைவர் ஓடூலும் அடுத்த நாள் அந்தக் கேள்வியைத்தான் குறை சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கியூபெக்கில் ஹிஜாப் அணிந்த ஆசிரியை ஒருவர் வகுப்பறையிலிருந்து அகற்றப்பட்டார். சட்டத்துக்கு எதிரான வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "அப்ப அங்கயும் தலைவர்மார் நழுவத்தானே பார்த்திருக்காங்க" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அங்கும் பெரிய துணிவு எதுவும் தெரியவில்லை. ஆனால் யார் எங்கே நிற்கிறார், யார் எவ்வளவு தூரம் வருவார், எந்த இடத்தில் நின்றுவிடுவார் என்பது ஒவ்வொரு வாக்காளருக்கும் தேர்தலுக்கு முன்பே தெரிந்தது. பாதிக்கப்பட்ட ஆசிரியைக்கும் தெரிந்தது, அவரை வெறுப்பவருக்கும் தெரிந்தது. மொன்றியலில் ஒன்றும் டொரோன்டோவில் இன்னொன்றும் சொல்வது லேசாக இருக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019 ஒக்டோபர் 5இல் மார்ச் 12 இயக்கம் ஜனாதிபதி வேட்பாளர்களை அழைத்துக் கொழும்பில் ஒரு விவாதம் நடத்தியது. இலங்கையில் அதுதான் முதலாவது. கோட்டாபய ராஜபக்ஷ வரவில்லை. நவம்பர் 16இல் 52.25 வீதத்துடன் அவர்தான் வென்றார். 2024இல் சஜித்தும் அநுரவும் விவாதிக்கப் போகிறார்கள் என்று வாரக்கணக்கில் திகதி பேசினார்கள். விவாதம் நடக்கவே இல்லை.

வராமல் விட்டால் நட்டமில்லை என்று தலைவர்கள் கண்டுகொண்டார்கள். நட்டம் நமக்குத்தான். 2020 ஓகஸ்டில் பொதுத் தேர்தல். 19ஆம் திருத்தத்தை மாற்ற மூன்றில் இரண்டு தாருங்கள் என்று ராஜபக்ஷ தரப்பு வெளிப்படையாகவே கேட்டது. கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒக்டோபர் 22இல் 20ஆம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். அதே கட்சியின் நான்கு உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அது சரியா பிழையா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நம் கவலை வேறு. அந்த நான்கு பேரையும் தலைவரையும் ஓகஸ்டுக்கு முன்னால் ஒரே மேசையில் இருத்தி, "திருத்தம் வந்தால் உங்கள் கை எந்தப் பக்கம் உயரும்?" என்று நாம் கேட்கவில்லை. பாட்டுப் போட்டோம், பட்டாசு கொளுத்தினோம், பொன்னாடை போர்த்தினோம். கேள்வி மட்டும் கேட்கவில்லை.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு வகுப்பறை விவாதம் நடத்தப் பழக்கியபோது சொன்ன முதல் விதி, எதிர்த்தரப்பு எதிரே இருக்க வேண்டும் என்பது. எதிரே ஆள் இல்லாவிட்டால் அதற்குப் பெயர் பேச்சுப் போட்டி. நம் தேர்தல் கூட்டங்கள் எல்லாமே பேச்சுப் போட்டிகள்தான்.

நம் மாநகரத்துக்குள்ளேயே பாருங்கள். இங்கே மொழி ஒன்றுதான், தெருக்கள்தான் வேறு. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று அங்கே ஒரு வாக்குறுதி. கல்முனையைப் பிரிக்க விடமாட்டோம் என்று கல்முனைக்குடியில் இன்னொரு வாக்குறுதி. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. வடக்குப் பிரதேச செயலகம் பற்றிப் பாண்டிருப்பில் ஒரு பேச்சு, நம் பக்கத்தில் ஒரு பேச்சு, கொழும்பில் மௌனம். இதனால் தமிழ் அயலவரோடும் மனக்கசப்பு, நம் சொந்தக்காரரோடும் மனக்கசப்பு. சாய்ந்தமருதில் பெண் கொடுத்த வாப்பாவும் கல்முனைக்குடியில் மாப்பிள்ளை எடுத்த உம்மாவும் கல்யாண வீட்டில் முகம் கொடுக்காமல் இருந்த காலத்தையும் கண்டோம். 2025 மே 6இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நம் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. குப்பையும் வடிகானும் தெரு விளக்கும் கேட்டுப் போக நமக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை.

அந்தத் தேர்தல் என்றோ ஒரு நாள் வரும். வரும்போது ஒரு காரியம் செய்வோமா?

ஒரு மண்டபம், ஒரு மேசை. போட்டியிடும் எல்லா அணிகளின் முதன்மை வேட்பாளர்களும். முஸ்லிம் கட்சிகள் மட்டுமல்ல, தமிழ்க் கட்சிகளும், தேசியக் கட்சிகளும், சுயேச்சைகளும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று எல்லா ஊர்களிலிருந்தும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்குவோம். எல்லோரிடமும் அதே கேள்வி, எல்லோருக்கும் அதே நேரம். நேரம் பார்க்க உயர்தர வகுப்புப் பிள்ளைகளை விடலாம். முகநூலில் நேரலை. கொடி, பாட்டு, பொன்னாடை எதுவும் வேண்டாம். வராதவரின் கதிரையை எடுக்காமல், பெயர் எழுதி அப்படியே வெறுமையாக விட்டுவிடுவோம்.

நாங்கள் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை. கரும்பலகை துடைக்கிறவர்கள், கதிரை அடுக்கவும் ஒலிவாங்கி பிடிக்கவும் தயார். மண்டபம் தரக்கூடியவர்களும் பாண்டிருப்பு, கல்முனைத் தமிழ் ஆசிரிய நண்பர்களும் உள்பெட்டிக்கு வாருங்கள்.

தலைவரின் விவாதத்தைப் பெருமையாகச் சொல்லும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் சோம தேரரை மடக்கினார் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். நமக்குச் சொன்னதையே அங்கேயும் போய்ச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், "இதைப் பக்கத்து ஊரிலயும் சொல்லுவீங்களா?" என்று அவர்கள் கேட்கப் பழகட்டும்.