உறவும் நட்பும் ஊழியமும்: தமிழகக் கிறித்தவப் பரவலில் தனியாள் தொடர்பின் இடம்

முன்னுரை

தமிழகத்தில் கிறித்தவ சமயம் பரவிய வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் மேலைநாட்டுத் தொண்டர்தம் பெயர்களையே இயல் தலைப்புகளாக வைத்துள்ளனர். சவேரியார், தத்துவ போதகர், வீரமாமுனிவர், சீகன்பால்கு, சுவார்ட்சு, இரேனியசு, போப்பு, கால்டுவெல் என அவ்வரிசை செல்லும். இப்பெரியோர் சமயத்துக்கும் தமிழுக்கும் ஆற்றிய பணி மறுக்க இயலாதது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. கடல் கடந்து வந்த ஒரு சிலர், தாம் பிற்காலத்தே கற்ற மொழியில் பேசி, ஊர் ஊராகச் சமய மாற்றத்தை நிகழ்த்தினர் என்பது எந்த அளவிற்குப் பொருந்தும்? ஒரு சிற்றூர் உழவனிடத்தும் ஒரு தமிழ்ப் புலவனிடத்தும் புதிய சமயத்தைப் பற்றி முதன்முதல் பேசியவர் யார்?

இவ்வினாவிற்கு விடை காணின், வரலாற்றின் போக்கே சற்று மாறித் தோன்றும். சமயம் மேடையிலிருந்து இறங்கி மக்களிடம் வந்ததன்று. உறவினன் உறவினனுக்கும், நண்பன் நண்பனுக்கும், பயணத்தில் கண்டவன் கண்டவனுக்கும் சொல்லிப் பரவியது என்பதே நாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்து. அதனோடு, அவ்வழியே சமயத்திற்கு வலிமையும் அளித்தது, தளையும் இட்டது என்பதையும் காட்ட விழைகின்றோம்.

உபதேசியார்

இவ்வாராய்ச்சியில் முதற்கண் நிற்பவர் உபதேசியார். குருப்பட்டம் பெறாது, சிற்றூர்களில் தங்கி அல்லது சுற்றிவந்து, சமயம் கற்பித்து, வழிபாடு நடத்தி, வழக்குத் தீர்த்து வாழ்ந்த உள்நாட்டு ஊழியரையே இச்சொல் குறித்தது. தொண்டர்தம் அறிக்கைகளில் இவர்கள் துணைவர் என்ற அளவிலேயே பேசப்படுகின்றனர். ஆனால் மக்கள் அன்றாடம் கண்டதும் கேட்டதும் இவர்களையே.

1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். நற்செய்தி நூல்கள் நான்கும் திருத்தூதர் பணிகளும் 1714இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715இலும் ஆங்குத் தமிழில் அச்சாயின. ஆறுமுகம் என்னும் இயற்பெயருடைய ஆரோன், கடலூரினர், உபதேசியாராகப் பணியாற்றி 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே.

இவரினும் நம் கருத்தைக் கவர்பவர் இராசநாயக்கன். தஞ்சை மன்னர் படையில் பணியாற்றிய இவர், கத்தோலிக்கக் குடும்பத்தைச் சார்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூலொன்று இவர் கைக்குக் கிட்டியது. அதனைப் படித்த பின்னரே தரங்கம்பாடித் தொண்டரைத் தேடிச் சென்றார். அக்காலத்தில் மேலைநாட்டுத் தொண்டர் தஞ்சை நாட்டிற்குள் விரும்பியவாறு சென்றுவரல் எளிதன்று. இராசநாயக்கனோ அந்நாட்டிற்கு உரியவர். 1720களின் இறுதியில் உபதேசியாரான அவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சைச் சிற்றூர்களில் ஊழியம் புரிந்தார். ஈண்டு நூல் ஒருவரைத் தூண்டியது; அவர் பலரைத் தூண்டினார். அச்சகத்தின் ஆற்றலும் ஆளின் ஆற்றலும் இணைந்து இயங்கிய முறையை இஃது இனிது விளக்குகின்றது.

கேட்டுப் பெற்ற ஊழியம்

தொண்டர் தாமே சென்று சபைகளை நிறுவினர் என்பது பொதுக் கொள்கை. நெல்லைச் சபையின் தோற்றம் இதனின் வேறுபட்டது. ஆங்குச் சபை முன்னும் ஊழியர் பின்னுமாக அமைந்தனர்.

குளோரிந்தா எனப் பின்னர் அழைக்கப்பெற்ற அம்மையார், தஞ்சையிலிருந்த மராட்டிய அந்தணக் கைம்பெண். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவரோடு வாழ்ந்து, அவரிடமே கிறித்தவ சமயத்தின் தொடக்கக் கல்வியைப் பெற்றார். திருமண உறவின்றி அவர் வாழ்ந்தமையால் சுவார்ட்சு ஐயர் திருமுழுக்களிக்க முதலில் இசையவில்லை. லிட்டில்டன் இறந்த பின், 1778ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் அவர் திருமுழுக்குப் பெற்றார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் குளோரிந்தாவின் பெயரும் ஒன்று. குருவானவர் எவரும் நிலையாகத் தங்காத ஊரில், ஓர் அம்மையாரைச் சுற்றி இச்சபை திரண்டது என்பது எண்ணத்தக்கது. 1785இல் சுவார்ட்சு வந்து அர்ப்பணித்த சிறு கோயில் இவரது முயற்சியால் எழுந்ததே. ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என வழங்கியமை, அப்பணிக்கு உரியவர் யார் என்பதை மக்கள் வழக்கே சான்று பகர்ந்ததாகும்.

தமக்கு ஓர் ஊழியர் வேண்டுமெனச் சபையார் சுவார்ட்சைக் கேட்டதன் பயனாக அனுப்பப்பெற்றவர் சத்தியநாதன். 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற அவர், மீண்டும் பாளையங்கோட்டையைத் தம் இடமாகக் கொண்டார். அவரது சொற்பொழிவொன்று ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பெற்று 1792இல் இலண்டனில் அச்சிடப்பட்டது. தமிழ் உபதேசியார் ஒருவரின் சொல் கடல் கடந்து சென்ற அரிய செய்தி இது.

அடுத்துவரும் நிகழ்ச்சி உறவு வழிப் பரவலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நெல்லையின் தென்பகுதியிலிருந்து தஞ்சை சென்று, ஆங்குத் திருமுழுக்குப் பெற்று, தாவீது எனப் பெயர் கொண்ட சுந்தரானந்தம், உபதேசியாராகத் தம் நாட்டிற்கே திரும்பினார். அவர் முதலில் சென்றது தம் சுற்றத்தாரிடம். பனைத்தொழில் செய்து வாழ்ந்த அம்மக்களுட் சில குடும்பங்கள் அவர் சொற்கேட்டுச் சமயம் மாறின. அதனால் எதிர்ப்பும் துன்பமும் நேரவே, அவர்கள் குடியிருக்கத் தனி நிலம் வாங்கப்பெற்று, 1799இல் முதலூர் எழுந்தது. பெயரே அதன் முதன்மையைக் காட்டும். பின்னர் நெல்லையில் தோன்றிய கிறித்தவக் குடியிருப்புகள் பலவற்றிற்கும் இது முன்மாதிரியாயிற்று.

திருத்தலப் பயணமும் திரும்பு வழியும்

மயிலாடி வரலாறும் இத்தகையதே. மகாராசன் என்பார் சிதம்பரம் நோக்கித் திருத்தலப் பயணம் மேற்கொண்டவர். தஞ்சையில் உறவினரிடம் தங்கிய காலை கோலாப் ஐயரின் அறிவுரையைக் கேட்டு மனம் மாறி, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். தம் குடும்பத்தார்க்கும் அயலார்க்கும் தாமே கற்பித்தார். தம்மூர்க்குத் தொண்டர் ஒருவர் வேண்டுமென விண்ணப்பித்தார். 1806இல் ரிங்கல்தொபே மயிலாடிக்கு வந்தபோது, அவரை எதிர்கொண்டது ஒன்றுமறியா ஊரன்று. காத்திருந்த ஒரு சிறு கூட்டம்.

1816இல் ரிங்கல்தொபே ஊரை விட்டு நீங்கினார். 1818இல் மீட் ஐயர் வந்து சேரும்வரை சபைகளைக் காத்தவர் வேதமாணிக்கமே. மேலைநாட்டார் ஒருவரும் இல்லாத அவ்விடைக்காலத்தில் சபை சிதையாமை, அதன் வேர் எங்கிருந்தது என்பதை ஐயமற உணர்த்தும். தென் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றை ரிங்கல்தொபேயின் வருகையிலிருந்து தொடங்குவோர், தொடக்கத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தவராவர்.

சைவத் திருத்தலம் நோக்கிய வழியே புதிய சமயத்திற்கும் வழியாயிற்று என்பதும் நோக்கற்பாலது. தமிழ் மக்கள் பயணம் செய்வதும், வழியில் உறவினர் மனையில் தங்குவதும், கேட்ட செய்தியை ஊர்க்குக் கொணர்வதும் தொன்றுதொட்ட வழக்கம். கிறித்தவம் அவ்வழக்கத்தைப் பயன்கொண்டது. புதிதாக ஒன்றைப் படைக்கவில்லை.

நட்பின் வழி

உறவு வழியில் ஊர்கள் மாறின. நட்பு வழியில் தனி மனிதர் மாறினர். இரு சான்றுகள் போதியன.

முதற்சான்று நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த இவர்க்கு, 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் அவ்வரசின் படைப்பணியில் அமர்ந்த டச்சுக்காரர் டிலனாய் நண்பரானார். குடும்பத் துன்பங்களால் வருந்திய நீலகண்டர்க்கு, துன்பத்திலும் தளராத யோபுவின் கதையை அவர் எடுத்துரைத்தார் என்பர். டிலனாய் குருவுமல்லர், உபதேசியாருமல்லர். உடன் பணிபுரிந்த ஒருவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டர் தேவசகாயமானார். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் அவ்வழி நின்றார். சிறையும் துன்பமும் உற்று 1752ஆம் ஆண்டு சனவரி 14இல் ஆரல்வாய்மொழியில் உயிர் நீத்த தேவசகாயத்திற்கு, 2022இல் உரோமைத் திருச்சபை புனிதர் பட்டம் வழங்கியது.

இரண்டாஞ்சான்று, தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்த கிருட்டிண பிள்ளை. 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றிய இவர், கம்பனில் தோய்ந்த புலமையாளர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்த காலத்தில் கிறித்தவர் நடுவே வாழ்ந்தும், அச்சமயத்தை அவர் உடனே ஏற்றாரல்லர். நண்பர் தனக்கோடி ராசுவும், உடன்பிறந்தார் முத்தையா பிள்ளையும் கிறித்தவம் தழுவியமையே அவர் உள்ளத்தை அசைத்தது. 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். தாம் கிறித்தவரான வரலாற்றைத் தாமே எழுதியும் வைத்தார். சமயக் கல்வி நிலையம் சூழலை அமைத்தது. மனத்தை மாற்றியவர் நெருங்கியோரே.

1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தை இந்நோக்கில் அணுகின், அதன் கதையமைப்பும் புதுப்பொருள் தரும். பனியன் நூலைத் தழுவிய அக்காப்பியத்தில் பயணி தனித்து நடப்பதில்லை. வழிகாட்டுவோரும் உடன்நடப்போரும் அவனுக்கு வாய்க்கின்றனர். இம்முறை மூல நூலிலேயே உள்ளதுதான். ஆயினும் நண்பர் வழியே நம்பிக்கை பெற்ற ஒருவர் அதனைத் தமிழ்க் காப்பியமாக்கத் தேர்ந்தமை, வாழ்வும் நூலும் ஒத்தியங்கிய ஒன்றாகவே நமக்குப் படுகின்றது.

உறவு வழியின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால் தனியாள் தொடர்பின் வலிமை விளங்கும். அதன் மறுபுறத்தைக் கூறாதொழிவது நடுநிலை ஆகாது.

உறவு வழிப் பரவும் சமயம் உறவின் எல்லையிலேயே நின்றுவிடவும் கூடும். தமிழகத்தில் உறவின் எல்லை சாதியின் எல்லையே ஆதலின், சபைகளும் சாதிவாரியாக அமைந்தன. இராசநாயக்கனின் வாழ்வே இதற்குத் துயர்மிக்க சான்று. குருப்பட்டத்திற்கு அவர் பெயர் எண்ணப்பட்டது. பறையர் குடியிற் பிறந்தவர் கையால் வேளாளக் கிறித்தவர் திருவிருந்து பெறார் என்ற அச்சத்தால் அவர் விலக்கப்பட்டார். 1741இல் தியோகு என்பார் குருவாக்கப்பட்டார். எத்தனையோ பேரைச் சபைக்குள் கொணர்ந்தவர்க்குச் சபையின் பலிபீடம் எட்டாததாயிற்று.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் நிலை வேறு வகையது. பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்சால் அழைத்துச் செல்லப்பெற்று வளர்ந்த இவர், ஒரு குருவின் தனிப்பட்ட அன்பு ஒரு புலவனை உருவாக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு. பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களால் கிறித்தவத்தைத் தமிழ் இசைக்குள் கொணர்ந்தார். எனினும், 1820களின் இறுதியில் பிற்காலத் தொண்டர் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, அவ்வேறுபாட்டைக் காக்க நின்றோருள் அவரும் ஒருவர். தமிழ்ப் பாடல் மரபையும் சாதி ஒழுக்கத்தையும் ஒரே வழக்கின் இரு கூறுகளாக அவர் கருதினார். முன்னதை நாம் போற்றுகின்றோம்; பின்னதைப் போற்றுதற்கில்லை. சாதி பாராது எல்லாரோடும் பழகிய தேவசகாயத்தை இவரோடு ஒப்பிட்டு நோக்கின், தனியாள் தொடர்பு சாதியைக் காக்கவும் கூடும், கடக்கவும் கூடும் என்பது புலனாம்.

எல்லை கடந்த ஊழியம்

இவ்வெல்லையைக் கடக்கத் தமிழ்க் கிறித்தவரே பின்னர் முயன்றனர். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903இல் நெல்லை இந்திய மிசனெரிச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். இந்நாட்டு ஆட்கள், இந்நாட்டுப் பொருள், இந்நாட்டு நிருவாகம் என்பன அதன் கொள்கைகள். அச்சங்கம் தெரிந்தெடுத்த களம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். உறவுமில்லை, மொழியும் வேறு. அசரியா தெலுங்கு கற்று, 1909இல் ஆங்கே ஊழியராகச் சென்றார். 1912இல் அம்மறைமாவட்டப் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்.

அவர் ஊழியத்தின் உயிர்நாடி, திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் சான்று பகரக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கை. எழுத்தறியா உழவரும் மகளிரும் ஆண்டுதோறும் ஒரு வாரம் அயலூர் சென்று தம் நம்பிக்கையை எடுத்துரைக்கும் முறை அவர் பேராயத்தில் நிலைபெற்றது. பண்டு உபதேசியார் ஒருவர் செய்த பணி, சபையார் அனைவர்க்கும் உரியதாயிற்று.

1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மாநாட்டில் அவர் ஆற்றிய உரையும் ஈண்டு நினைக்கத்தக்கது. மேலைநாட்டுத் தொண்டர்தம் ஈகத்தை நன்றியோடு போற்றிய அவர், இந்திய ஊழியரை அவர்கள் சமமான நண்பராக நடத்தாமையை அவையறிய எடுத்துக்காட்டினார். கொடையினும் நட்பே தேவை என வேண்டினார். இரு நூற்றாண்டுகளாக அறிக்கைகளில் துணைவர் என்று மட்டும் எழுதப்பட்டோர் அனைவரின் குரலாகவும் அவ்வுரை அமைந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, தமிழகத்தில் கிறித்தவப் பரவலின் முதன்மைக் கருவி, உறவும் நட்பும் பயணமும் ஆகிய தமிழ் வாழ்வின் இயல்பான தொடர்புகளே. இரண்டு, அத்தொடர்புகள் சாதியையும் சபைக்குள் கொணர்ந்தன. அதனோடு போராடியதும் அவ்வழி வந்த மாந்தரே. மூன்று, தொண்டர்தம் மடல்களையே மூலமாகக் கொள்ளும் வரலாறு அரைகுறையானது. கோயிற் பதிவேடுகள், ஊர் வழக்குகள், உபதேசியார் நாட்குறிப்புகள், தமிழிலே எழுதப்பெற்ற மனமாற்ற வரலாறுகள் ஆகியன உடன்வைத்து ஆராயப்பெறல் வேண்டும். இவை தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் உரிய மூலங்கள். ஆதலின் இப்பணி சமய வரலாற்றாரை மட்டுமன்றித் தமிழ்த்துறை மாணவரையும் சார்ந்தது. பாளையங்கோட்டைக் கோயிலை மக்கள் அதனை எழுப்பியவர் பெயராலேயே அழைத்தனர். அந்நேர்மையை வரலாற்று நூல்களும் பின்பற்றுமாயின், பெயரிழந்த ஊழியர் பலர் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.