"வேகமா போயிருப்பான்" - லாரன்ஸ், ஒரு டாக்டர், ரெண்டு செகண்டு

பைக்ல போற எவனாவது செத்துட்டா முதல்ல வந்து விழற வாக்கியம் "வேகமா போயிருப்பான்". விசாரிக்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்பு ரெடி. இது நம்ம ஊரு வியாதின்னு நெனச்சிட்டிருந்தேன். 1935-ல இங்கிலாந்துலயும் இதே கதைதான்.

டி.இ.லாரன்ஸைத் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். முதல் உலகப்போர்ல துருக்கியர்களுக்கு எதிரா அரபுகளோட சேர்ந்து சண்டை போட்ட பிரிட்டிஷ்காரர். போர் முடிஞ்சதும் புகழ் தாங்காம, 1922-ல பேரை மாத்திக்கிட்டு விமானப்படையில சாதாரண சிப்பாயா சேர்ந்துட்டார். அந்த ஆளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் பைக். அதுவும் சாதா பைக் இல்ல, ப்ரஃப் சுப்பீரியர். நாட்டிங்ஹாம்ல ஜார்ஜ் ப்ரஃப்னு ஒருத்தர் கையால செஞ்ச மாதிரி தயாரிச்ச வண்டி. எஸ்எஸ்100 மாடல்னா நூறு மைல் வேகம் போகும்னு கம்பெனியே உத்தரவாதம் கொடுக்கும். 998 சிசி, வி-ட்வின் இன்ஜின். லாரன்ஸ் ஒண்ணு மாத்தி ஒண்ணா ஏழு வண்டி வெச்சிருந்தார். ஏழாவதுக்கு 'ஏழாம் ஜார்ஜ்'னு பேரு. எட்டாவதுக்கு ஆர்டர் கொடுத்தாச்சு.

வேகம் பிடிக்காத ஆள்னு சொல்ல வரல. விமானத்தோட பைக்ல ரேஸ் விட்டதைப் பத்தி அவரே எழுதியிருக்கார். ஆனா வேகம் பிடிக்கிறது வேற, கண்மூடித்தனமா ஓட்டறது வேற. கூடவே வண்டி ஓட்டிப் பார்த்த ஜார்ஜ் ப்ரஃப், இந்த ஆள் ரோட்டுல மத்தவங்களை மதிச்சு ஓட்டறவர், அருமையான ரைடர்னு பின்னாடி எழுதினார். ப்ரஃப் வெறும் முதலாளி இல்ல, அவரே ரேஸர். வாடிக்கையாளரைப் பத்தி எழுதினதுங்கிறதைவிட கூட ஓட்டின ஒருத்தனைப் பத்தி எழுதினதுன்னுதான் எனக்குப் படுது.

1935 மே 13. விமானப்படையிலேர்ந்து ஓய்வு வாங்கி கொஞ்ச மாசம்தான் ஆகுது. டார்செட்ல க்ளௌட்ஸ் ஹில்னு ஒரு குட்டி வீடு. அங்கேர்ந்து போவிங்டன் ராணுவ முகாம் பக்கம் போய், ஹென்றி வில்லியம்சன்கிற எழுத்தாளருக்கு ஒரு தந்தி அடிக்கிறார். மதிய சாப்பாட்டுக்கு வாங்கன்னு. ஒண்ணு ரெண்டு மைல்தான். தினமும் போய் வர்ற ரோடு. திரும்பி வரும்போது ரோட்டுல ஒரு பள்ளம் இறங்கி ஏறுது. எதிர்ல என்ன இருக்குன்னு மேட்டுக்கு வர்ற வரைக்கும் தெரியாது. மேடேறினதும் முன்னாடி சைக்கிள்ல ரெண்டு பசங்க. அவங்க மேல மோதாம இருக்க வண்டியை ஒடிச்சார். ஒரு சைக்கிள்ல லேசா தட்டிடுச்சு. பையனுக்குப் பெருசா ஒண்ணும் ஆகல. லாரன்ஸ் ஹேண்டில்பாருக்கு மேல பறந்து போய் விழுந்தார். தலையில ஒண்ணும் போட்டிருக்கல. அந்தக் காலத்துல ரோட்டுல போறவங்க யாருமே போடமாட்டாங்க. ஆறு நாள் நினைவே திரும்பாம, மே 19 போயிட்டார். வயசு 46.

21-ஆம் தேதி காலையில விசாரணை, அன்னைக்கே அடக்கம். விசாரணையில ஒரு ராணுவ கார்ப்பரல் சொன்னது: ஐம்பது, அறுபது மைல் வேகம் இருக்கும், எதிர்ல ஒரு கறுப்பு காரும் வந்துச்சு. பசங்க ரெண்டு பேரும் கார் எதையும் பார்க்கலன்னுட்டாங்க. விபத்து மரணம்னு தீர்ப்பு. கறுப்பு கார் மர்மத்தை வெச்சு இன்னிக்கு வரைக்கும் சதிக் கதை எழுதறாங்க, அதை விடுங்க. எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. கீழே கிடந்த வண்டி ரெண்டாவது கியர்ல இருந்ததா சொல்றாங்க. அந்த கியர்ல அந்த வண்டி அதிகபட்சம் 38 மைல்தான் போகும். நம்ம கணக்குல அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஆனா 1962-ல டேவிட் லீன் எடுத்த படம் எப்படி ஆரம்பிக்குது? பீட்டர் ஓ'டூல் முகத்துல காத்து அடிக்க வேகம் ஏத்திக்கிட்டே போய் விழறார். 'வேகமா போயிருப்பான்' அப்படியே எழுபது எம்எம்ல!

இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடிப் படிச்சேன்னா, எங்க ஞாயித்துக்கிழமை ரைடு கோஷ்டியில ஒருத்தனை நாங்க இழந்தோம். எங்கள்லயே ரொம்ப நிதானமா ஓட்டறவன் அவன்தான். ஜாக்கெட், க்ளவுஸ், முழு ஹெல்மெட் இல்லாம பால் வாங்கக்கூட போகமாட்டான். நாங்க "தாத்தா"ன்னுதான் கூப்பிடுவோம். ஹைவேயில மீடியன் இடைவெளியில ஒரு கார், இவன் வர்றதைப் பார்க்காம யு-டர்ன் போட்டுது. அவ்ளோதான். அவங்க வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், அவங்க அம்மா காதுல விழற மாதிரியே அந்த வாக்கியத்தைச் சொன்னார். யாருக்கும் பதில் பேச வாய் வரல.

பதில் 1981-லயே இருக்கு. அமெரிக்காவுல தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல ஹாரி ஹர்ட்னு ஒருத்தர். அவரும் பைக் ஓட்டறவர். அவரோட குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துல 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் அலசினாங்க. அதுபோக 3,600 போலீஸ் அறிக்கைகள். நம்ம பாஷையில சொன்னா, பக் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாம சர்வர்ல போய் லாக் எடுத்துப் பார்த்த ஆளுங்க :-)

கிடைச்ச விஷயம் பாருங்க. இன்னொரு வண்டி சம்பந்தப்பட்ட விபத்துகள்ல மூணுல ரெண்டு பங்கு, பைக்குக்கு வழிவிட வேண்டிய அந்த வண்டிக்காரர் வழிவிடாததால வந்தது. அதுலயும் அதிகமா நடந்தது, எதிர்ல வர்ற கார் பைக்குக்கு குறுக்கே திரும்பறது. அங்கே அது இடப்பக்கத் திருப்பம், நமக்கு வலப்பக்கத் திருப்பம். கார்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: பைக் வந்ததை நான் பார்க்கவே இல்ல. பொய் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. கண்ணு கார், லாரி அளவுல எதையாவது தேடிப் பழகியிருக்கு. ஒல்லியா ஒண்ணு வந்தா அது பதிவே ஆகறதில்ல.

வேகம்? ஆபத்து தெரியறதுக்கு முன்னாடி பைக்குகளோட வேகத்துல நடு மதிப்பு மணிக்கு 29.8 மைல். மோதும்போது 21.5. அதாவது 48 கிலோமீட்டர், 35 கிலோமீட்டர் மாதிரி. நம்ம டிவிஎஸ் எக்ஸெல் தாத்தாக்கள் போற வேகம். 86 மைலுக்கு மேல போய் மோதினவங்க ஆயிரத்துல ஒருத்தர்.

இதைவிட என்னை உலுக்கினது நேரக் கணக்கு. ஆபத்து கண்ணுல படறதுக்கும் மோதறதுக்கும் நடுவுல ரெண்டு செகண்டுக்கும் கம்மி. அதுக்குள்ள பார்க்கணும், புரியணும், பிரேக் அடிக்கணும், இல்லன்னா ஒடிக்கணும். 80 கிலோமீட்டர்ல போனா ரெண்டு செகண்டுல 44 மீட்டர் கடந்துடுவீங்க. பதட்டத்துல நிறைய பேர் பின் பிரேக்கை மிதிச்சு சறுக்கி, முன் பிரேக்கைச் சரியா பிடிக்காம விட்டிருக்காங்க. விபத்துல சிக்கினவங்கள்ல 92 சதவீதம் பேர் தானாவோ, வீட்டுல, ஃப்ரெண்ட்ஸ்கிட்டயோ ஓட்டக் கத்துக்கிட்டவங்க. நம்ம எல்லாரும் அப்படித்தானே?

சரி, லாரன்ஸுக்கு வருவோம். அவரைப் பார்க்க வரவழைச்ச டாக்டர்கள்ல ஹியூ கேர்ன்ஸும் ஒருத்தர். ஆஸ்திரேலியாக்காரர், மூளை அறுவை நிபுணர். காப்பாத்த முடியல. ஆனா அவர் அதோட விடல. ரெண்டாம் உலகப்போர் வந்ததும் ராணுவத்துல தபால் கொண்டு போற பைக் வீரர்கள் சண்டையில இல்லாம ரோட்டுலயே சாகறதைப் பார்த்தார். 1941 அக்டோபர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினார். போருக்கு முந்தின 21 மாசத்துல பைக்ல போய் செத்தவங்க 1,884 பேர். போர் தொடங்கின முதல் 21 மாசத்துல 2,279. ஹெல்மெட் போட்டு அடிபட்டவங்க அவர் பார்வைக்கு வந்தது வெறும் ஏழு பேர். ஏழு பேரும் பிழைச்சிருந்தாங்க. சாம்பிள் சைஸ் ஏழுன்னா இன்னிக்கு ரிவ்யூல கிழிச்சுப் போட்டிருப்பாங்க. ராணுவம் அடுத்த மாசமே பணியில இருக்கற பைக் வீரர்கள் எல்லாரும் ஹெல்மெட் போடணும்னு உத்தரவு போட்டுது.

ஹெல்மெட்டே அப்போ புதுசு இல்லங்கிறதுதான் வயித்தெரிச்சல். ப்ரூக்லாண்ட்ஸ் ரேஸ் மைதானத்து டாக்டர் எரிக் கார்ட்னர், கான்வாஸ் துணியில அரக்குப் பூசி ஒண்ணு செய்ய வெச்சு, 1914-ல ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸுக்கே கட்டாயமாக்க வெச்சார். ரேஸ்காரன் தலைக்கு 1914-ல கிடைச்சது, ரோட்டுல போற சாதாரண ஆளுக்கு பிரிட்டன்ல சட்டமா வந்தது 1973 ஜூன் 1. கேர்ன்ஸ் அதைப் பார்க்க இல்ல, 1952-லயே போயிட்டார்.

இன்னொருத்தரையும் சொல்லியாகணும். கேர்ன்ஸ் கூட வேலை பார்த்த ஹோல்போர்ன், டாக்டர் இல்ல, இயற்பியல்காரர். ஜெலட்டின்ல மூளை மாடல் செஞ்சு ஆட்டிப் பார்த்தார். தலை சடார்னு திருகும்போது மூளைக்குள்ள திசுக்கள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக் கிழியறதுன்னு 1943-ல எழுதினார். மண்டையோடு உடையணும்னே இல்ல. ஹெல்மெட் ஏன் எல்லாரையும் காப்பாத்தறதில்லங்கிறதுக்கு பாதி விடை இங்க இருக்கு. மீதி, அடி நெஞ்சுலயும் வயித்துலயும் விழறது.

நம்ம ஊருக்கு வந்தா, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 129-ஆம் பிரிவே ஹெல்மெட்தான். தமிழ்நாட்டுல அதை அமல்படுத்த 2015 ஜூலை 1 வரைக்கும் ஹைகோர்ட்டு பிடிச்சுத் தள்ள வேண்டியிருந்தது. 2022-ல இந்தியாவுல ரோட்டுல செத்த 1,68,491 பேர்ல 74,897 பேர் டூவீலர்ல போனவங்கன்னு மத்திய அரசு கணக்கு. ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029. இந்த எண்ணைத்தான் எல்லாரும் சொல்வாங்க, சொல்லணும். நான் கழிச்சுப் பார்த்தேன். மிச்சம் கிட்டத்தட்ட இருபத்தஞ்சாயிரம். அதுல நம்ம தாத்தா மாதிரி எத்தனை பேரோ.

எங்க கோஷ்டி இப்பவும் ஞாயித்துக்கிழமை போகுது. மீடியன் இடைவெளி தெரிஞ்சா முன்னாடி போறவன் கையைத் தூக்குவான், எல்லாரும் பிரேக் மேல விரலை வெச்சுக்கிட்டு வேகத்தைக் குறைப்போம். மாசத்துக்கு ஒரு தடவை காலியா இருக்கற லேஅவுட் ரோட்டுல முன் பிரேக் பயிற்சி. அவன் இடம் எப்பவும் வரிசையில கடைசி. இப்ப அங்க யாரும் ஓட்டறதில்ல, கடைசிக்கு முந்தின ஆளோட வரிசை முடிஞ்சிடும்.